பல்லடத்து மழைக்கும் தஹிதித் தீவுக்கும் என்ன உறவு? தெரியுமா!

வருஷத்துக்கு 365 நாள். அதில் நம் பக்கம் எத்தனை நாள் மழை பெய்கிறது என்று நினைக்கிறீர்கள்? நூறு? எண்பது? இல்லவே இல்லை! கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டாண்டாக எடுத்துவரும் கணக்கு சொல்கிறது: சராசரியாக வெறும் 46 நாள்! மிச்சம் 319 நாளும் வெயில், காற்று, இல்லாவிட்டால் கணக்கில் சேராத தூறல். அங்கிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பல்லடத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான். அந்த 46 நாளை நம்பித்தான் சோளமும் மக்காச்சோளமும் கடலையும் உளுந்தும் மண்ணுக்குள் போகின்றன!

கணக்கில் சேராத தூறலா? அது என்ன? ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்தால்தான் வானிலைத் துறை அதை ‘மழை நாள்’ என்று ஒப்புக்கொள்ளும். 2.4 மி.மீ. பெய்தால்? அந்த நாளுக்கு மழை நாள் என்ற பெயர் கிடையாது! இத்தனைக்கும் 2.4 மி.மீ. என்றால் ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 9,700 லிட்டர் தண்ணீர்!

ஆமாம், ஏக்கர் கணக்கில் போட்டால் தலை சுற்றும்! ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை = ஏக்கருக்கு 4,047 லிட்டர். ஒரு அங்குலம், அதாவது சுமார் 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டரைத் தாண்டிவிடும்! கோடையில் தென்னையைக் காப்பாற்ற லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒரு லட்சம் லிட்டருக்கு என்ன செலவாகும் என்று. அதை வானம் ஒரு சாயங்காலத்தில் சும்மா கொட்டிவிட்டுப் போகிறது!

இன்னொரு விசித்திரம். மழைமானியில் ஒரு நாள் என்பது எப்போது முடிகிறது? நள்ளிரவில் இல்லை! காலை 8.30 மணிக்கு! திங்கட்கிழமை காலை 9 மணிக்கு ஊரே நனையப் பெய்தாலும், அது செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் ஏறும். ‘நேத்துப் பெஞ்ச மழையை இன்னைக்குப் பெஞ்சதா போட்டிருக்காங்களே’ என்று அடுத்த முறை பேப்பரைப் பார்த்து வியக்காதீர்கள்!

மழையை அளக்கும் யோசனை எவ்வளவு பழசு தெரியுமா? கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலேயே தானியக் களஞ்சியத்தின் முன்னால் மழையளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்லியிருக்கிறது! எந்த நாட்டில் எவ்வளவு மழை என்ற அளவும் அதில் உண்டு, எந்த மழைக்கு எந்த விதை என்ற யோசனையும் உண்டு! கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441-ல் மழைமானியை உருவாக்கி, ஊர் ஊராக வைத்தார்கள். நம் பஞ்சாங்கமோ இன்றைக்கும் மழையை மரக்கால் கணக்கில் சொல்கிறது! கடலுக்கு இவ்வளவு பங்கு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்தும் கொடுக்கிறது.

எண்பது கிலோமீட்டரில் இரண்டு உலகம்!

வால்பாறைக்குப் பக்கத்துச் சின்னக்கல்லாரில் ஆண்டுக்கு எவ்வளவு மழை தெரியுமா? 4,000 மி.மீ.க்கும் மேல்! நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களின் வரிசையில் அதற்கும் இடம் உண்டு. கோவையில்? சுமார் 670 மி.மீ.! பல்லடத்திலிருந்து சின்னக்கல்லாருக்குக் காக்கை பறக்கிற வழியில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். அதற்குள் மழை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது! மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே மேகம் முக்கால்வாசியைக் கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது காற்றுதான் வருகிறது, தண்ணீர் வருவதில்லை.

ஆனால் அந்தக் காற்று இருக்கிறதே! மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவர் எழுப்பிக்கொண்டு வந்து, பாலக்காட்டுக்கிட்டே மட்டும் சுமார் 30, 40 கி.மீ. அகலத்துக்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மொத்தமும் அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. அது நேராக வந்து விழும் இடம் எது? பல்லடம், பொங்கலூர், உடுமலைச் சமவெளி! இத்தனை காற்றாலைகள் இங்கே வரிசை கட்டி நிற்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? கேரளத்தில் மழையாகக் கொட்டும் அதே பருவக்காற்று, இங்கே மின்சாரமாகத்தான் இறங்குகிறது! அம்மி பறக்கும் ஆடிக்காற்று என்று நம் பாட்டிகள் சொன்னது கொங்குச் சமவெளியில் நின்று பார்த்தால் மிகையாகவே தோன்றாது.

இந்தக் காற்று இன்னொரு வேலையும் செய்கிறது: மண்ணின் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறது! கோவைப் பக்கத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து ஒரு வருஷத்தில் குடிக்கக்கூடிய தண்ணீர், பெய்யும் மழையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! வரவு ஒன்று, செலவு இரண்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எப்படி விவசாயம் செய்வது?

அதற்குத்தான் பட்டம், அதாவது விதைக்கும் பருவம்!

வருஷம் முழுக்கப் பார்த்தால் செலவு அதிகம்தான். ஆனால் வாரம் வாரமாகப் பார்த்தால்? சில வாரங்களில் மட்டும் வரவு செலவை எட்டிப் பிடிக்கும்! அந்தச் சில வாரங்களைக் கண்டுபிடித்து, அதற்குள் பயிரை முளைக்க வைத்து, பூக்க வைத்து, காய் பிடிக்க வைத்துவிட வேண்டும். இதுதான் மொத்த ரகசியமும்!

உலக உணவு வேளாண் நிறுவனம் 1970-களின் கடைசியில் இதற்கு ஒரு சூத்திரம் போட்டது. பெய்யும் மழை, ஆவியாகக்கூடிய நீரில் பாதியைத் தாண்டும் நாளில் வளர்காலம் தொடங்குகிறது. மழை பாதிக்குக் கீழே இறங்கி, மண்ணில் சேர்ந்த ஈரமும் தீரும் நாளில் அது முடிகிறது. அவ்வளவுதான்! ஆப்பிரிக்கா முதல் ஆசியா வரை வெப்பமண்டல நாடுகள் எல்லாவற்றையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்து வரைபடம் போட்டார்கள்!

நம் ஊர்ப் பெரியவர்கள் கையில் அந்தச் சூத்திரம் கிடையாது. இருந்தாலும் ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், கார்த்திகைப் பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப் பட்டம் என்று வருஷத்தையே கூறு போட்டு வைத்துவிட்டார்கள்! எந்தக் கூறில் எந்த விதை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். நாள் தவறினால் என்ன ஆகும் என்பதும் மனப்பாடம். பத்து நாள் பிந்தி விதைத்த காட்டில், பூ எடுக்கிற சமயத்தில் மழை நின்றுபோனதைப் பார்த்தவர்கள் அல்லவா!

மழையை வாரக் கணக்கில் பிரிக்கும் வழக்கம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. ஜனவரி 1-ல் தொடங்கி வருஷம் 52 வாரம். 52 ஏழு எவ்வளவு? 364! அப்படியானால் மிச்சமாகும் ஒரு நாள் எங்கே போகிறது? கடைசி வாரத்துக்கு! டிசம்பர் 24 முதல் 31 வரை, வானிலைக் கணக்கில் அந்த வாரத்துக்கு மட்டும் எட்டு நாள்! லீப் வருஷம் என்றால் பிப்ரவரிக் கடைசியில் வரும் 9-வது வாரத்துக்கும் எட்டு நாள்!

வேடிக்கைக்குச் செய்த ஏற்பாடு இல்லை இது. ஒவ்வொரு வாரத்திலும் பயிருக்குப் போதுமான மழை எத்தனை வருஷங்களில் பெய்தது, எத்தனை வருஷங்களில் பெய்யவில்லை என்று பல பத்தாண்டுப் பதிவுகளைப் புரட்டி எண்ணுவார்கள். நான்கில் மூன்று வருஷம் கைகொடுத்த வாரம் எதுவோ, அதை நம்பி விதைக்கலாம். சரிபாதி வருஷம் கைவிட்ட வாரம் என்றால்? பயிர் அந்த வாரத்தில் பூ எடுக்காதபடி விதைப்பை முன்னேயோ பின்னேயோ தள்ளிவைக்கலாம்! சராசரியைப் பார்த்து விதைத்தவர் ஏமாறலாம், வாரத்தைப் பார்த்து விதைத்தவர் ஏமாறுவது அபூர்வம் என்பது என் துணிபு. 670 மி.மீ. என்ற சராசரி எந்த விதையையும் முளைக்க வைத்ததில்லையே!

மழைக்கு முன்னாலேயே விதைப்பார்களா?

விதைப்பார்கள்! காய்ந்து புழுதியாய்க் கிடக்கும் மண்ணில், மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே! புழுதி விதைப்பு என்று இதற்குப் பேர். ஏன் இந்தத் துணிச்சல்? முதல் மழை பெய்த பிறகு ஏர் பூட்டி, டிராக்டருக்குச் சொல்லி அனுப்பி, ஆள் தேடி விதைத்து முடிப்பதற்குள் பத்து நாள் போய்விடும். 46 மழை நாள் உள்ள ஊரில் பத்து நாளைத் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்?

ஆனால் ஒரு சின்னத் தூறலுக்கே விதை முளைத்துவிட்டு, அப்புறம் கருகிப்போனால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்! விதையைச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் போடுகிறார்கள். தூறல் மேல்மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடும், விதைக்கு அது தெரியவே தெரியாது! நல்ல உழவு மழை ஒன்று பெய்து, ஈரம் 5 செ.மீ. இறங்கினால்தான் விதை கண் விழிக்கும்! கடிகாரம் இல்லாமல், ஆள் இல்லாமல், ஆழமே காவல்காரனாக வேலை செய்கிறது!

இன்னும் இருக்கிறது! விதையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, மறுபடி நிழலில் பழைய பதத்துக்கே காயவைத்து, அப்புறம் விதைப்பார்கள். விதைக் கடினப்படுத்துதல். வறட்சி எப்படி இருக்கும் என்று விதைக்கு முன்கூட்டியே ஒரு பாடம் நடத்திவிடுவது! அப்படிப் பாடம் படித்த விதை, மழை இடைவெளி விட்டாலும் தாக்குப்பிடிக்கிறது. நடுவில் மயில் வந்து கிளறித் தின்றுவிடுவது தனிக் கவலை, கொங்குக் காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை.

சோளப் பயிரைக் கவனித்திருக்கிறீர்களா? மழை நின்றுபோனால் மக்காச்சோளம் தவித்துப்போகும். சோளமோ இலையைச் சுருட்டிக்கொண்டு, வளர்ச்சியை அப்படியே நிறுத்திவிட்டு, காத்திருக்கும்! மழை வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்! ஆனால் இங்கே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது தெரியுமா? வாடி நிற்கும் இளஞ்சோளத்திலும், வாடி மழை பட்டு மறுபடி துளிர்க்கும் தட்டிலும் சயனைடு வகை நஞ்சு ஏறியிருக்கும். மாடு ஆசையாக மேய்ந்தால் சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து! அதனால்தான் இளஞ்சோளக் காட்டுப் பக்கம் மாட்டை விட்டுவிடாதே என்று சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வளர்த்தார்கள். முற்றி, அறுத்து, காய்ந்த தட்டு என்றால் பயமில்லை!

கரிசல் மண் பக்கம் போனால் இதைவிட அதிசயம்! குடிமங்கலம் வட்டாரத்தில் கொண்டைக்கடலை விதைப்பது எப்போது? மழை முடியப்போகும்போது! ஐப்பசி, கார்த்திகையில் மண் குடித்து வைத்த ஈரத்தையும் மார்கழிப் பனியையும் வைத்தே முழுப் பயிரும் விளைந்துவிடும்! ஒரு மீட்டர் ஆழக் கரிசலில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய ஈரம் சுமார் 200 மி.மீ. வரை நிற்கும். செம்மண்ணில் அதில் பாதி! பக்கத்துப் பக்கத்துக் காடு, ஒரே மழை, ஆனால் மண் மாறினால் பட்டமே மாறிவிடுகிறது!

காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் வேறொரு முடிவு எடுத்தார்கள். இந்த மழைக்கு உழவே வேண்டாம், புல்லே போதும் என்று! அதுதான் கொறங்காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். மாசக்கணக்கில் காய்ந்து சருகாய்க் கிடக்கும். ஒரு மழை பெய்யட்டும், பச்சை பிடித்துவிடும்! காங்கேயம் காளையின் திமிலும் பலமும் இந்தப் புல் கொடுத்தது. மழைக்கு ஏற்றபடி பயிரைத் தேர்ந்தெடுப்பதில் இதைவிடப் புத்திசாலித்தனமான முடிவு எதையும் நான் அறியேன்!

அரபிக்கடலுக்குப் போகவேண்டிய மழை பல்லடத்துக்கு வருகிறது!

உங்கள் ஊரில் மேகமே இல்லை. ஆனாலும் ஆடியில் நீங்கள் மழைச் செய்தியை விழுந்து விழுந்து பார்க்கிறீர்கள். ஏன்? பரம்பிக்குளம் – ஆழியாறு பாசனக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்! நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் ஆறு எல்லாம் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கவேண்டிய தண்ணீர். அதை அணை மேல் அணை கட்டி, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, கிழக்கே திருப்பிவிட்டார்கள்! 1961-ல் பிரதமர் நேரு தொடங்கிவைத்த திட்டம் இது.

அந்தத் தண்ணீர் வரும் பாதையைப் பாருங்கள்! சர்க்கார்பதியில் முதலில் மின்சாரம் கொடுக்கிறது. பிறகு காண்டூர் கால்வாயில் மலைச்சரிவை ஒட்டியே 49 கிலோமீட்டர் வளைந்து வளைந்து நடக்கிறது. திருமூர்த்தி அணையில் இளைப்பாறுகிறது. அப்புறம்தான் உடுமலை, பொங்கலூர், பல்லடம் வாய்க்கால்கள்! பாசனப் பரப்பு எவ்வளவு? சுமார் 3.77 லட்சம் ஏக்கர்! தண்ணீர் போதுமா? போதாது! அதனால் மொத்தத்தையும் நான்கு மண்டலமாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு மண்டலத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் வருவது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை!

நினைத்துப் பாருங்கள்! பல்லடத்து விவசாயி ஒருவர் விதை வாங்கும் முன் எத்தனை கணக்குப் போடவேண்டியிருக்கிறது? தன் காட்டு மழை ஒரு கணக்கு. வால்பாறை மலை மழை இரண்டாவது கணக்கு. இந்த வருஷம் எந்த மண்டலத்தின் முறை, எத்தனை சுற்றுத் தண்ணீர் என்பது மூன்றாவது. இவை மூன்றும் பொய்த்தால் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது நான்காவது! ஒரு படிவத்திலும் எழுதாமல், தென்னை மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து மனசுக்குள்ளேயே போடும் கணக்கு இது!

இனி தஹிதிக்குப் போவோமா?

பசிபிக் பெருங்கடலின் நடுவில் இருக்கிறது தஹிதித் தீவு. பல்லடத்திலிருந்து ஏறக்குறைய 15,000 கி.மீ.! அங்கே காற்றழுத்தம் எவ்வளவு, அதிலிருந்து 8,000 கி.மீ.க்கும் மேல் தள்ளியிருக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் எவ்வளவு? இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் தமிழ்நாட்டின் மாவட்டம் மாவட்டமான மழையைக் கணித்துச் சொல்கிறார்கள்! யார்? நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக் காலநிலை ஆராய்ச்சி மையம்தான்! அந்தக் கணக்கைப் போடும் ஆஸ்திரேலியக் கணினி மென்பொருளுக்குத் தமிழில் என்ன பேர் தெரியுமா? ‘மழை மனிதன்’! கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் இந்தக் காற்றழுத்த வித்தியாசத்தையும் கொடுத்தால், வரும் பருவத்தில் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லிவிடுகிறான் மழை மனிதன்!

தஹிதிக்கும் நமக்கும் உள்ள இந்த உறவைத் தேடிக் கண்டுபிடித்தவர் யார்? கில்பர்ட் வாக்கர்! கேம்பிரிட்ஜ் கணித மேதை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவர். இந்தியாவின் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற ஒரே கேள்வியோடு உலகமெங்கும் இருந்து வந்த காற்றழுத்தப் பதிவுகளையெல்லாம் அலசினார். ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இறங்குகிறது! பசிபிக் கடலின் மேல் காற்றழுத்தம் இப்படி ஏறி இறங்கி ஊசலாடுவதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார்!

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். 1913-ல் இந்த வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இளைஞரின் கணக்கு நோட்டுகளை அவரிடம் காட்டினார்கள். பார்த்தவர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது! அந்தக் குமாஸ்தா யார்? சீனிவாச ராமானுஜன்! அவர் பிறந்த ஊர்? நம் ஈரோடு! மழையின் ரகசியத்தைத் தேடி வந்தவர் கண்ணில் கொங்கு மண்ணில் பிறந்த கணித மேதை பட்டிருக்கிறார்!

வாக்கர் கண்ட ஊசலாட்டத்தோடு பசிபிக் கடல்நீர் சூடேறும் எல் நினோ என்றாலே பயப்படுகிறோம் அல்லவா? பயப்படக் காரணம் உண்டு. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின் பின்னணியிலும் மிகப்பெரிய எல் நினோ ஒன்று இருந்தது. கோவை ஜில்லாவும் அதில் சிதைந்தது. ஆனால் இதன் மறுபக்கம் தெரியுமா? பசிபிக்கில் எல் நினோ வந்தால் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் நாடெங்கும் குறைகிறது. அதே வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டுக்கு வரும் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூடுகிறது! 2015 நினைவிருக்கிறதா? நாட்டில் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைவு. சென்னையிலோ வெள்ளம்! அடுத்த வருஷம், 2016-ல், எல் நினோ போய்விட்டது, வடகிழக்குப் பருவமழையும் போய்விட்டது. 62 சதவீதம் பற்றாக்குறை! 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்க வேண்டியதாயிற்று!

ஆக, ஆடி கைவிட்டால் ஐப்பசி கைகொடுக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஆனால் ஆடியிலேயே விதை முழுவதையும் கொட்டித் தீர்க்காமல், புரட்டாசிக்கும் கொஞ்சம் எடுத்து வைப்பவரின் கையில்தான் பிடி இருக்கிறது!

நம்மைப் போலவே ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் வேறு நாடு உண்டா? உண்டு! கடலுக்கு அந்தப் பக்கம் கென்யா! அங்கேயும் இரண்டு மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருவது அவர்களின் ‘குட்டை மழை’. எல் நினோ வந்தால் அதுவும் நம் மழையைப் போலவே கூடும்! இலங்கையில் இதே வடகிழக்கு மழையை நம்பித்தான் பெரும்போகம்! தென்மேற்குக் காலத்தில் சிறுபோகம்!

கார்த்திகை நட்சத்திரம் மங்கினால் உருளைக்கிழங்கு காத்திருக்கும்!

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், பெருவிலும் பொலிவியாவிலும், உழவர்கள் ஜூன் மாதக் கடைசியில் விடியும் முன் மலையேறி ஒரு நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். எது தெரியுமா? நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே அறுமீன்! பளிச்சென்று தெரிந்தால் மழை நன்றாக வரும், வழக்கம்போல நடலாம். மங்கலாகத் தெரிந்தால் மழை பிந்தும், உருளைக்கிழங்கு நடுவதைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள்! மூடநம்பிக்கை என்று தோன்றுகிறதா? 2000-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? அவர்கள் பார்ப்பது சரி! எல் நினோ வருஷங்களில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் உயரத்தில் படர்கிறது, அதனால் நட்சத்திரம் மங்குகிறது, அந்த வருஷம் அங்கே மழை குறைகிறது! தொலைநோக்கி இல்லாமல் நூற்றாண்டுகளாக எல் நினோவைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

நம்மிடமும் ஒன்று இருக்கிறது. மார்கழிக் கர்ப்போட்டம்! சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாள். மேகம் எந்தத் திசையில் ஓடுகிறது, தூறுகிறதா, பனியா என்று பெரியவர்கள் தினமும் பார்த்து வைப்பார்கள். வானம் அப்போது கருத்தரிக்கிறது, ஆறரை மாசம் கழித்து மழையாகப் பிரசவிக்கிறது என்பது நம்பிக்கை. வராகமிகிரர் 195 நாள் என்றே கணக்குச் சொல்லியிருக்கிறார்! இது பலிக்கும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஆண்டீஸ் மலைக்காரர்களின் நட்சத்திரத்தை எடுத்துச் சோதித்தவர்கள், நம் கர்ப்போட்டத்தையும் நூறு வருஷ மழைப் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்!

மழைக்கு ஒரு நாள் முன்பு சொல்லும் ஆட்கள் ஊரிலேயே நிறைய! எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறும். தட்டான் தரைக்குப் பக்கத்தில் பறக்கும். கைபேசியில் வேண்டுமா? 2019-ல் வந்த ‘மேகதூத்’ செயலி இருக்கிறது! செவ்வாயும் வெள்ளியும் அவரவர் மாவட்டத்துக்கு, அவரவர் பயிருக்கு அறிவுரை. விதைப்பைத் தள்ளிப்போடு, மருந்தடிக்காதே, வெங்காயத்தைப் பிடுங்கிப் பட்டறை போட்டுவிடு என்று தமிழிலேயே வரும்! 65, 70 நாளில் வரும் சின்ன வெங்காயத்துக்கு அறுவடையின்போது ஒரே ஒரு மழை போதும், அழுகிவிடும். வெள்ளிக்கிழமை அறிவுரையைப் படித்துவிட்டுச் சனிக்கிழமை பிடுங்கினால் என்ன லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்!

சரி, கறிக்கோழிக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்? கோழி பண்ணைக்குள்ளே அல்லவா இருக்கிறது! ஆனால் கறிக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம்! கறிக்கோழிக் கொள்முதல் விலையைத் தினமும் அறிவிப்பது பல்லடத்தில் இருக்கும் ஒருங்கிணைப்புக் குழு. மக்காச்சோளம் பூட்டை விடும் பருவத்தில் இரண்டு வாரம் மழை தள்ளிப்போனால் மணி பிடிக்காது, விளைச்சல் சரியும், தீவன விலை ஏறும். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கும் புரட்டாசி மழைக்கும் நடுவே இப்படி ஒரு கயிறு ஓடுகிறது!

கடைசியாகத் தென்னை! இன்று பெய்யும் மழை எப்போது தேங்காயாகும்? மூன்று மாசம்? ஒரு வருஷம்? இல்லை! தென்னங்குருத்துக்குள் பாளையின் மூலம் உருவாகி, 32 மாசம் உள்ளேயே ஒளிந்து வளர்ந்து, பாளை வெடித்து, அதன்பின் 12 மாசம் காய் முற்றி... மொத்தம் 44 மாசம்! அதாவது இந்த ஐப்பசி மழையில் மரத்துக்குள் உருவாகும் பாளையின் தேங்காயை வெட்டப்போவது, அடுத்து வரும் மூன்று ஐப்பசிகளும் போன பிறகு, ஆனி மாசத்தில்! இன்றைக்கு ஒரு மரத்தில் குரும்பை உதிர்ந்து குலை சின்னதாக இருந்தால், இந்த வருஷத்து மழையைத் திட்டாதீர்கள். இரண்டு மூன்று வருஷம் முன்னால் எந்த மாசம் மழை பொய்த்தது என்று பழைய டைரியைப் புரட்டிப் பாருங்கள்!